பழைய கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. சென்னையின் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் பல வீடுகளில் எட்டு, பத்து வருடம் உழைத்த கம்ப்யூட்டர் ஒன்று கூடத்து மூலையில் இருக்கிறது. வருமான வரி ரிட்டர்ன், டியூஷன் வினாத்தாள், ரயில் டிக்கெட், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ பேச்சு எல்லாம் அதில்தான். "இனிமே இது உதவாது, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னதும் பென்ஷனில் ஓடும் குடும்பமும் மாதச் சம்பளக் குடும்பமும் கலங்கிப்போகின்றன.

பெரும்பாலான வீடுகளில் அந்தப் பெட்டி இன்னும் சில வருடம் உழைக்கும். வேகம் குறைந்த கம்ப்யூட்டரில் பழுது பெரும்பாலும் ஒரே ஒரு பாகத்தில்தான் இருக்கும். எந்தப் பாகம் என்று தெரிந்துகொள்ளாமல் முப்பதாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். மக்கள் அதிகம் கேட்கும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி என் கம்ப்யூட்டர் ஓடாதா?

ஓடும். நேற்று எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். நின்றுபோனது புதிய ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும்தான். நாளாக ஆக வைரஸ் நுழைய வழிகள் கூடும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

இதற்கு ஒரு தற்காலிக வழி இருக்கிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டாம். பேக்கப்பில் விருப்பம் இல்லாதவர்கள் 30 டாலர் கட்டிச் சேரலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இணைப்பு கண்ணில் படவில்லையென்றால் முதலில் அந்தப் பதிப்புக்கு அப்டேட் செய்யுங்கள்.

இந்த அவகாசத்தை மதிப்பானதாக நினைக்கிறேன். அவசரத்தில் கடன்பட்டுப் புது மெஷின் வாங்காமல், யோசித்து, விசாரித்து, காசு சேர்த்து வாங்க இது இடம் கொடுக்கிறது.

இதையே சாக்காக வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் சரிசெய்கிறோம், இந்த ஆப்பை டவுன்லோட் செய்யுங்கள்" என்று போன் வந்தால் உடனே துண்டியுங்கள். மைக்ரோசாஃப்ட் யார் வீட்டுக்கும் இப்படிப் போன் செய்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மெஷினில் விண்டோஸ் 11 போடவே முடியாது என்று சர்வீஸ்காரர் சொல்கிறார். உண்மையா?

பாதி நேரம் உண்மை, பாதி நேரம் சரியாகப் பார்க்காமல் சொல்வது. நீங்களே பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் பிராசஸரின் பெயர் இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். ஐ5-8250 என்றிருந்தால் அது எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் அனுமதி. ஐ3-4005, ஐ5-6200 போன்றவை நான்காம், ஆறாம் தலைமுறை என்பதால் அவற்றுக்கு அதிகாரபூர்வமாக வழியில்லை. எட்டாம் தலைமுறை 2017-இல் வந்தது. ஆகவே 2018-க்குப் பிறகு வாங்கிய மெஷின் என்றால் நம்பிக்கையோடு சோதிக்கலாம்.

பிராசஸர் சரியாக இருந்தும் "டிபிஎம் 2.0 இல்லை" என்ற செய்தி வரும். பல மெஷின்களில் அந்தப் பாதுகாப்பு வசதி உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் திறக்கும் முன் வரும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இன்டெலில் 'பிடிடி' என்ற பெயரிலும் ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரிலும் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் எது குறைகிறது என்று தெளிவாகச் சொல்லிவிடும். தகுதி இருந்தால் விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவது இலவசம். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் 'ஓஎஸ் சார்ஜ்' கொடுக்காதீர்கள்.

தகுதியில்லாத மெஷினிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். முடியும்தான். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி, வரி வேலைகளுக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சுவிட்ச் போட்டுவிட்டு காபி போட்டுக் குடித்து முடித்தாலும் ஸ்கிரீன் வருவதில்லை. மெஷினுக்கு வயதாகிவிட்டதா?

வயதானது உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். சந்தேகமிருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் எதுவுமே செய்யாதபோது 'டிஸ்க்' என்ற பத்தியில் 100 சதவீதம் காட்டினால், பிராசஸரும் ரேமும் சும்மா இருக்க, டிஸ்க்தான் மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் காந்தத் தட்டு. ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் அதன் முனை இடம் மாறி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இப்படி ஒரு நொடிக்குச் சுமார் நூறு தடவைதான் முடியும். விண்டோஸ் திறக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் தடவை படித்துத் தரும். பத்து வருடப் பழைய மெஷினில் எஸ்எஸ்டி மாட்டியவர்கள் வீட்டில் புதுசு வாங்கியதுபோல் இருக்கிறது என்று சொல்வது மிகையில்லை. பல நிமிடம் எடுத்துக்கொண்ட மெஷின் அரை நிமிடத்துக்குள் திறந்துவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் தவறு நடக்கிறது. எஸ்எஸ்டியில் இரண்டு வகை பரவலாக உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும் இரண்டரை அங்குல 'சாட்டா' வகை ஒன்று. மதர்போர்டில் நேராகச் செருகும், பட்டை போன்ற 'எம்.2' வகை இன்னொன்று. பழைய மெஷின்களில் எம்.2 இடமே இருக்காது. உங்களுக்கு வேண்டியது சாட்டா. வேகமானது என்று எம்.2-ஐத் தலையில் கட்டினால் வீட்டுக்கு வந்து மாட்ட முடியாமல் திரும்பிப் போக வேண்டியிருக்கும். மாடல் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டு வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி போதும். போட்டோக்களும் பழைய ஃபைல்களும் நிறைய இருந்தால் பெரிய எஸ்எஸ்டி தேட வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சிடி டிரைவை யாரும் தொடாமலே பல வருடம் ஆகியிருக்கும். அதைக் கழற்றி 'கேடி' என்ற சட்டத்தில் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிடலாம், வெளியே எதுவும் தொங்காது.

விலை பற்றி ஓர் எச்சரிக்கை. 2025 நடுப்பகுதி வரை இந்த அளவு எஸ்எஸ்டி 1,500 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் உலகம் முழுவதும் ரேம், எஸ்எஸ்டி விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போய்ச் சேர்கின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், 'க்ரூஷியல்' என்ற பெயரில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் பலர் கேட்டு வாங்கிய பெயர் அது. ஆகவே ஒரு கடையில் சொன்ன விலையை இன்னும் இரண்டு கடைகளில் கேட்காமல் வாங்காதீர்கள். விலை ஏறியிருந்தாலும் புது மெஷினின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான்.

ரேமையும் கூட்ட வேண்டுமா?

2 ஜிபி இருந்தால் கட்டாயம். 4 ஜிபி இருந்தால், குரோமில் பத்துப் பக்கம் திறந்து வைப்பவர்களுக்கு 8 ஆக்குவது நல்லது. அதற்கு மேல் வீட்டு வேலைக்குத் தேவையில்லை.

போகும் முன் இரண்டைப் பாருங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 ஒன்றுக்கொன்று பொருந்தாது, காடியே வேறு இடத்தில் இருக்கும். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. இன்னொன்றையும் பல வீடுகளில் பார்க்கலாம்: 8 ஜிபி போட்டும் 32-பிட் விண்டோஸ் வைத்திருப்பார்கள். அது 4 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது. 64-பிட் போட்டால் காசு செலவில்லாமல் மீதி ரேம் வேலைக்கு வரும்.

லினக்ஸ் போடச் சொல்கிறார் கல்லூரியில் படிக்கும் பேரன். எங்களுக்கு ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்கும்போது கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். லினக்ஸ் இங்கே அந்நியமான பொருள் இல்லை. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களையே லினக்ஸுக்கு மாற்றியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோக முயன்றது. 'பாஸ்' எனப்படும் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான லினக்ஸ். 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கைக்கு அந்த லேப்டாப்கள் போயின. திறந்ததும் வரும் பட்டியலில் இரண்டாவதாக இருந்த அந்தப் பெயரைத் தொடாமலே பலர் படிப்பை முடித்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. அன்று யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருந்தால் இன்று எத்தனையோ வீடுகள் புது மெஷினுக்குப் பணம் தேட வேண்டியிருக்காது.

பரணில் அப்படி ஒரு அரசு லேப்டாப் கிடந்தால் எடுத்துத் துடையுங்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. ரேமை 4 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் போட்டால் டைப் செய்யவும் படம் பார்க்கவும் இணையத்தில் படிக்கவும் தாராளமாக உதவும். பேட்டரி செத்திருக்கும். சார்ஜரில் செருகியபடியே பயன்படுத்தலாம். ஆனால் டச்பேட் பக்கம் மேலெழும்பி, அடிப்பகுதி புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே கூடாது, தீப்பற்றும் அபாயம் உண்டு. தெரிந்தவரிடம் கொடுத்து முதலில் கழற்றச் சொல்லுங்கள்.

பாஸ் தவிர, புதிதாக வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். கீழே மெனு, ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கண்ணுக்குக் குழப்பம் தராது. அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற பதிப்பு பழைய மெஷினுக்கு இலகுவானது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். 64-பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் நிம்மதி. ஒரு பைசாக் கட்டணமில்லை.

உடனே விண்டோஸை அழித்துவிட வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு வாரம் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, உங்கள் வங்கித் தளம் திறக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று சோதியுங்கள். பிரின்டரை முக்கியமாகப் பாருங்கள். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓடவைக்கத் தனி டிரைவரோடு போராட வேண்டியிருக்கும்.

தமிழ் தட்டச்சுக்குக் குறையில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலேயே இருக்கிறது, அமைப்பில் போய்த் தேர்ந்தெடுத்தால் போதும். அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையும் உண்டு. வேர்ட், எக்செல்லுக்கு மாற்றாக லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. உங்கள் பழைய ஃபைல்களைத் திறக்கும். சிக்கலான அட்டவணைகள் கொண்ட பக்கங்களில் மட்டும் வரிகள் சற்று இடம் மாறும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய தமிழ்க் கட்டுரைகள் இருந்தால் மாறும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இது விண்டோஸில் இருப்பவர்களுக்கும் சொல்கிற யோசனைதான். யூனிகோடு எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே தருகிறது.

யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வரி, டெண்டர் வேலை பார்ப்பவர்கள், போட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. ஆதார் ஓடிபி வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்பவர்களுக்குச் சிக்கலில்லை, அது பிரௌசரிலேயே முடிந்துவிடும். கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், கணியம் அறக்கட்டளை லினக்ஸ் பற்றித் தமிழிலேயே இலவச மின்னூல்கள் வெளியிட்டிருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு போன்ற தன்னார்வக் குழுக்களில் காசு வாங்காமல் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாமா? ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

வாங்கலாம். விசாரித்து வாங்கினால் பட்ஜெட் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை. ரேடியோ உதிரிபாகக் கடைகளில் தொடங்கி, டிவி, டேப்ரிகார்டர் எனக் காலத்தோடு மாறி, கம்ப்யூட்டர் சந்தையாக வளர்ந்த இடம் அது. ரிச்சி ஸ்ட்ரீட் என்று நாம் சொல்வது ஒரு தெரு மட்டும் இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறு பக்கமிருந்தும் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். தி.நகர்க்காரர்கள் மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேலை நாளில் காலையில் போங்கள்.

அங்கே நீங்கள் தேட வேண்டியது, கம்பெனிகள் சில வருடம் பயன்படுத்திவிட்டு மொத்தமாக விற்ற லேப்டாப்கள். டெல் லேட்டிட்யூட், லெனோவா திங்க்பேட், எச்பி எலைட்புக் வரிசைகள் அலுவலக உபயோகத்துக்காகவே உறுதியாகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றில் திறந்து ரேம் மாற்றுவதும் எளிது. கடையில் புதிதாக வாங்கும் மலிவு லேப்டாப்பைவிட, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பழைய திங்க்பேட் ஒன்று நீண்ட நாள் வரும் என்பது என் கருத்து. ஏழாம் தலைமுறையை ஆயிரம், இரண்டாயிரம் குறைவு என்று கொடுத்தால் வாங்காதீர்கள், விண்டோஸ் 11 எல்லைக்கு வெளியே போய்விடும்.

கடையில் நின்றே பார்க்க வேண்டியவை சில. அணைத்துவிட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம். இணையத்தோடு இணைத்து விண்டோஸைப் புதிதாக அமைக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். பிறகு உங்களால் விடுவிக்க முடியாது. விண்டோஸிலேயே 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கும் வசதி இருக்கிறது, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் காட்டும். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திரை வைத்து கறுப்புப் புள்ளி, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெப்கேம், மைக், எல்லா யுஎஸ்பி ஓட்டைகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். நேரம் எடுத்துக்கொள்வதற்குக் கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் மாடல், சீரியல் எண், எத்தனை மாத வாரண்டி என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்வார்த்தை வாரண்டி நிற்காது. பில் இருந்தால், தகராறு வரும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கிராக் செய்த விண்டோஸ் போட்டுத் தந்தால் மறுத்துவிடுங்கள். கம்பெனி லேப்டாப்களில் பெரும்பாலும் அசல் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தே இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இடத்தை விட்டு நகராத கம்ப்யூட்டர் போதும் என்பவர்களுக்கு இன்னும் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. அதே கடைகளில் கையடக்கமான பழைய மினி பிசிக்கள் கிடைக்கும். வீட்டில் இருக்கும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் அதிலேயே இணைத்துக்கொள்ளலாம். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் அதற்கான கன்வர்ட்டர் வாங்கினால் போதும்.

டெஸ்க்டாப்புக்குத் திடீரென்று உயிரே வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள்.

போயிருக்கலாம். அதற்கு முன் மூன்று சின்ன விஷயங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனையை ரப்பரால் துடைத்து மாட்டினால் பல மெஷின்கள் எழுந்துவிடும். அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்றால் முனைகள் களிம்பேறுவது சகஜம். தேதியும் நேரமும் அடிக்கடி பழைய ஆண்டுக்குப் போனால் போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றிப் பார்க்காமல் மதர்போர்டைக் குறைசொல்லக் கூடாது, வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இணைத்துச் சோதிக்க ஐந்து நிமிடம் ஆகும். மூன்றும் பார்த்து, போர்டுதான் என்று உறுதியானால் பத்து வருடப் பழைய போர்டைத் தேடி வாங்கிப் பணம் கொட்ட வேண்டாம். அங்கேதான் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பழைய டெஸ்க்டாப் கரண்ட் அதிகம் இழுக்குமா?

லேப்டாப்போடு ஒப்பிட்டால் ஆமாம். மானிட்டரும் சேர்த்து 100 வாட் என்று வைத்தால், தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட். 25 வாட் லேப்டாப்புக்கு ஏழரை யூனிட். மின் சிக்கனத்துக்காக மட்டும் மெஷினை மாற்றினால் போட்ட பணம் திரும்பி வரப் பல வருடமாகும்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அரசு லேப்டாப் வரும் என்று காத்திருக்கலாமா?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்க 2025 மார்ச் பட்ஜெட்டில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விநியோகம் 2026 ஜனவரியில் தொடங்கியது. பட்டியலில் மகளின் பெயர் இருக்கிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை வீட்டில் இருப்பதை எஸ்எஸ்டி மாட்டி ஓட்டுவதே புத்திசாலித்தனம். தவணையில் புதிதாக வாங்கிவிட்டு, பிறகு அரசு லேப்டாப்பும் வந்து இரண்டாக நிற்கும் வீடுகள் உண்டு.

மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையதை என்ன செய்வது? பேப்பர்காரரிடம் போடலாமா?

முதலில் உள்ளே இருப்பதைக் கவனியுங்கள். ஆதார் நகல், பான் கார்டு, பாஸ்புக் ஸ்கேன், பிள்ளைகளின் போட்டோ எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கும். டெலீட் செய்வதாலும், சாதாரணமாக ஃபார்மட் அடிப்பதாலும் அவை உண்மையில் அழிவதில்லை, மீட்டெடுக்க முடியும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பது மிக எளிய பாதுகாப்பு. டிஸ்க்கோடுதான் கொடுக்க வேண்டும் என்றால் விண்டோஸ் ரீசெட்டில் 'கிளீன் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழு டிஸ்க்கையும் திரும்ப எழுதும், பல மணி நேரம் ஆகும், ஆகட்டும். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுப்பவர்களும் இதைச் செய்த பிறகே கொடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பக்கம் எத்தனையோ கம்ப்யூட்டர்கள் மூழ்கின. அப்படி நனைந்த மெஷின் இருந்தால் வெயிலில் காயவைத்துச் சுவிட்ச் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த முயற்சியில்தான் டிஸ்க்கில் எஞ்சியதும் போகும். டிஸ்க்கை மட்டும் கழற்றி டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் சிபியு பெட்டியைத் தரையிலிருந்து மேசைமேல் ஏற்றிவையுங்கள்.

பேப்பர்காரரிடம் போட்டால் அந்த மெஷின் போய்ச் சேரும் இடத்தில் வயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள், போர்டை ஆசிடில் போட்டுத் தங்கம் பிரிக்கிறார்கள். கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்பவர்களின் நுரையீரலையும் கையையும் அது அரிக்கிறது. மின்னணுக் கழிவை அங்கீகாரம் பெற்றவர்களே மறுசுழற்சி செய்ய வேண்டும் என்பது சட்டம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள் மேல் வைத்திருக்கின்றன. உங்கள் மெஷினின் பிராண்டு இணையதளத்தில் அதற்கான பக்கம் இருக்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிறது. மாநகராட்சியின் 1913 எண்ணிலும் நம்ம சென்னை ஆப்பிலும் வீட்டுப் பழைய பொருட்களை எடுத்துப்போகக் கேட்டுப் பதிவு செய்யலாம். பழைய குண்டு மானிட்டர் இருந்தால் அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைக்காமல், உள்ளே உள்ள செம்புக்காகத் திறக்காமல், முழுசாகவே கொடுத்துவிடுங்கள்.